கார் யாழ்ப்பாணத்தில், லப்டொப் கொழும்பில்

மின்சாரக் கார் வாங்க யோசிக்கிறவர்கள் என்னைக் கண்டால் முதலில் கேட்பது, "ஒருக்கா சார்ஜ் போட்டால் எவ்வளவு தூரம் ஓடும் ரீச்சர்?" என்றுதான். அடுத்தது, "கரண்ட் பில் எவ்வளவு கூடுது?" இரண்டுக்கும் என்னிடம் நல்ல பதில் இருக்கிறது. மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு, அதை யாரும் கேட்பதில்லை. பழுது வந்தால், "சரி, இதை மாற்றிக் குடு" என்று சொல்லும் அதிகாரம் உள்ள ஆள் எங்கே இருக்கிறார்? என் விஷயத்தில் அவர் கொழும்பில் இருந்தார். நான் கோண்டாவிலில் இருந்தேன். நடுவில் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர்.

காரில் எனக்குக் குறை இல்லை, அதை முதலே சொல்லிவிடுகிறேன். கோண்டாவிலில் இருந்து வடமராட்சிப் பக்கம் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் போய் வர இதைவிட வசதியான வாகனம் எனக்கு வாய்த்ததில்லை. பெற்றோல் செட் பக்கம் போவதே மறந்துபோயிற்று. குறையெல்லாம் விற்ற பிறகு நடந்த கதையில்தான். கம்பனியின் பெயரை எழுதப் போவதில்லை. வேறு கம்பனிக் கார் வைத்திருக்கிறவர்களோடு கதைத்துப் பார்த்தால், அவர்களும் இதே கதையை வேறு பெயர் போட்டுச் சொல்கிறார்கள்.

மின்சாரக் கார் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. 2014, 2015 அளவில் வரி குறைவாக இருந்தபோது பழைய நிசான் லீஃப் கார்கள் நாட்டுக்குள் நிறைய வந்தன. அவற்றின் 24 கிலோவாற் மணி பற்றரிக்குள் 48 மொடியூல்கள், அதாவது சின்னச் சின்னப் பற்றரித் துண்டுகள், தனித்தனியாக இருக்கும். பற்றரியைக் குளிராக்க விசிறியோ திரவமோ இல்லாதபடியால் வெக்கையான இடங்களில் கெதியாகத் தளர்ந்துவிடும். அந்தக் குறையே நல்ல மெக்கானிக்குகளை உருவாக்கிவிட்டது. போனில் லீஃப் ஸ்பை செயலியைப் போட்டு, ஒரு சின்ன புளூடூத் கருவியைக் காரில் செருகி, எந்த மொடியூல் செத்தது என்று பார்ப்பார்கள். பெட்டியை இறக்கி அதை மட்டும் மாற்றுவார்கள். கம்பனி என்று ஒன்று தேவைப்படவே இல்லை.

2020 மார்ச்சில் இறக்குமதி நின்றது. 2022இல் பெற்றோல் வரிசையில் நாள் முழுக்கக் காய்ந்தவர்கள் எல்லோரும், அடுத்த வாகனம் கரண்டில் ஓடுவதுதான் என்று சபதம் எடுத்தார்கள். நானும் அதில் ஒருத்தி. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறந்தபோது வந்து இறங்கியவை வேறு சாதிக் கார்கள். பற்றரியைத் திரவம் குளிராக்கும், தூரம் கூட ஓடும், பாதுகாப்பும் கூட. ஆனால் பல வேலைகளுக்குக் கம்பனியின் கணினி வேண்டும். சில பாகங்களை மாற்றினால், புதியதை அறிமுகம் செய்துவைக்கும் வரை கார் அதைக் கண்டுகொள்ளாது. லீஃபைக் கழற்றிப் பூட்டிய அதே கைகள் இதற்கு முன்னால் கட்டுண்டு நிற்கின்றன. கை வேலை தெரியாமல் இல்லை, லப்டொப்பும் கடவுச்சொல்லும் அவர்களிடம் இல்லை.

நான் வாங்கிய ஷோரூம் யாழ்ப்பாண நகருக்குள்ளேயே இருந்தது. கண்ணாடி, ஏசி, குளிரான சோடா எல்லாம் இருந்தன. சேர்விஸ் பற்றிக் கேட்டதற்கு அங்கிருந்த தம்பி, "அதைப் பற்றி யோசிக்காதேங்கோ ரீச்சர், இஞ்ச கெதியில தொடங்கிறம்" என்றார். அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கும் கொழும்பில் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். "கெதியில்" என்பதற்குத் திகதி கிடையாது, அவ்வளவுதான். ஒப்பந்தத் தாளில் யாழ்ப்பாண சேர்விஸ் பற்றி ஒரு வரியும் இல்லை.

முதல் சேர்விஸுக்கு நானும் கணவரும் கொழும்பு போனோம். வவுனியாவில் ஒரு தேத்தண்ணி, வழியில் சார்ஜ் போட ஒரு காத்திருப்பு. போய்ச் சேர்ந்தால் அங்கே ரயர்க் காற்றுப் பார்த்தார்கள், பிரேக் பார்த்தார்கள், கணினியைச் செருகி எடுத்தார்கள், கழுவித் தந்தார்கள். போய் வந்த 800 கிலோமீற்றர் அடுத்த சேர்விஸை அவ்வளவுக்குக் கிட்டக் கொண்டு வந்ததுதான் மிச்சம். இவர் வழி நெடுக அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சிரிப்பு வீட்டு சார்ஜரில் நின்றது.

காரோடு சேர்த்து 7 கிலோவாற் சார்ஜர் ஒன்றைச் சுவரில் பூட்டித் தந்தார்கள். அது முழு வேகத்தில் 32 அம்பியர் இழுக்கும். எங்கள் வீட்டுக்கு மின்சார சபை தந்திருப்பது 30 அம்பியர் ஒற்றைப் பேஸ் இணைப்பு. இங்கே பெரும்பாலான வீடுகளிலும் அதுதான். கணக்குத் தெரிந்த எவரும் இதைப் பார்த்தவுடன் சொல்லியிருக்க வேண்டும். பூட்ட வந்தவர்கள் மீற்றர்ப் பெட்டியைத் திறந்தும் பார்க்கவில்லை. கார் சார்ஜ் ஆகும் நேரம் கிணற்று மோட்டரைப் போட்டால் பிரேக்கர் விழும். அதைக் கவனித்து நடந்தாலும், நடுச்சாமத்தில் சார்ஜ் தானாக நின்று சிவப்பு விளக்கு எரியும். விடியப் பார்த்தால் பாதிதான் ஏறியிருக்கும்.

சார்ஜர் கொடுத்தவர்களுக்கு அடித்தேன். "காரில்தான் பிழை, கார்க் கம்பனிக்குக் கதையுங்கோ." கார்க் கம்பனிக்கு அடித்தேன். "எங்கட காரில் பிழை வராது, சார்ஜரைப் பாருங்கோ. சந்தேகம் என்றால் காரைக் கொழும்புக்குக் கொண்டு வாங்கோ." இரண்டு பகுதியும் மரியாதையாகத்தான் கதைத்தார்கள். ஆனால் எங்கள் வீட்டுப் படலையைத் திறந்து வந்து பார்க்க ஒருவரும் தயாரில்லை.

கடைசியில் இணுவிலில் இருந்து ஒரு வயதான மின்சார வேலைக்காரர் வந்தார். எர்த் பார்க்கும் மீற்றரை எடுத்து அளந்துவிட்டு, "பிள்ளை, உங்கட எர்த் கம்பி மண்ணுக்குள்ள போகேல்ல, கல்லில முட்டிக்கொண்டு நிக்குது" என்றார். வலிகாமத்தில் கொஞ்சம் தோண்டினாலே சுண்ணாம்புக் கல்தானே. மேல்மண் காய்ந்தால் எர்த் இருந்தும் இல்லாத மாதிரி. சார்ஜர் அதை உணர்ந்து பாதுகாப்புக்காகத் தன்னை நிறுத்திக்கொண்டிருக்கிறது. அதாவது சார்ஜரும் சரி, காரும் சரி. அவர் வாழைப்பாத்திப் பக்கம், எப்போதும் ஈரம் நிற்கிற இடமாகப் பார்த்து, ஆழமாக வேறு கம்பி இறக்கி இணைத்தார். சார்ஜரின் வேகத்தை 16 அம்பியருக்குக் குறைத்து வைத்தார். அன்றையில் இருந்து ஒரு நாளும் நடுவில் நின்றதில்லை. 16 அம்பியர் என்றால் மணிக்கு ஏறக்குறைய மூன்றரை கிலோவாற் மணி ஏறும். இரவு முழுக்க ஏறினால் எனது நாளாந்த ஓட்டத்துக்குப் போதும், மிச்சமும் வரும். 7 கிலோவாற் வேகம் கட்டாயம் வேண்டும் என்பவர்கள் சார்ஜர் வாங்க முன்னமே மூன்று பேஸ் இணைப்புக்கு மின்சார சபையில் விண்ணப்பிக்க வேண்டும். அங்கே போகும்போதே நேர அடிப்படையிலான கட்டணம் உங்கள் இணைப்புக்குக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். அதில் இரவு 10.30 முதல் காலை 5.30 வரை விலை குறைவு.

அப்புறம்தான் பெரிய வில்லங்கம்.

ஒரு காலை பள்ளிக்கூடம் வெளிக்கிட்டுப் போய்க் கதவில் கை வைத்தால் திறக்கவில்லை. முதல் நாள் இரவு பார்க்கும்போது பற்றரி 80 வீதம் காட்டியது. திறப்புக்குள் ஒளித்திருக்கும் சின்ன இரும்புத் திறப்பை எடுத்துத் திறந்தோம். உள்ளே திரை கறுப்பு. ஒரு விளக்கும் இல்லை. 80 வீதம் மின்சாரத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு கார் செத்துக் கிடந்தது.

இதன் காரணத்தை மின்சாரக் கார் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பெரிய பற்றரி மட்டும் காரை எழுப்பாது. எல்லாக் காரிலும் இருக்கிற மாதிரி இதிலும் ஒரு சின்ன 12 வோல்ற் பற்றரி உண்டு. கதவு, விளக்கு, கணினிகள், பெரிய பற்றரியைக் காரோடு இணைக்கிற சுவிட்ச் எல்லாம் அதில்தான் இயங்குகின்றன. அது இறங்கினால் பெரிய பற்றரி பூட்டிய பெட்டிதான். கார் ஓடும்போதும் சார்ஜ் போடும்போதும் சின்னது தானாக ஏறிக்கொள்ளும். நிற்கும்போது ஏதாவது ஒன்று உள்ளே இரகசியமாகக் கரண்ட் குடித்துக்கொண்டிருந்தால் அது படுத்துவிடும்.

பக்கத்துச் சந்தியில் இருக்கும் பற்றரிக் கடைத் தம்பி ஓடி வந்தார். மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "ரீச்சர், இது ஈயப் பற்றரி இல்ல, லித்தியம். இது யாழ்ப்பாணத்தில ஒரு கடையிலயும் இராது." வேறு பற்றரியில் இருந்து வயர் போட்டு எழுப்பலாமா என்று கேட்டேன். கார்ப் புத்தகத்தைத் தேடி எடுத்து வாசித்தவரும் அவர்தான். எங்கள் மொடலுக்கு வேண்டாம் என்று போட்டிருந்தது. இன்னொருவர் கயிறு கட்டி இழுக்கலாம் என்றார். அதுவும் கூடாது. மோட்டரோடு தொடுத்த சில்லுகள் நிலத்தில் உருண்டால் மோட்டர் தானே மின்சாரம் உற்பத்தி செய்யத் தொடங்கிப் பாகங்களைக் கெடுத்துவிடலாம். மின்சாரக் காரை முழுதாகத் தூக்கி ஏற்றிக்கொண்டு போகிற கரியர்தான் வேண்டும். கொழும்புக்குக் கரியர் என்ன விலை என்று கேட்டுப் பார்த்தோம். கேட்டபின் இவர் கொஞ்ச நேரம் கதைக்கவே இல்லை.

கம்பனியின் உதவி இலக்கத்துக்கு அடித்தேன். தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். பாட்டுப் போனது, போனது, பிறகு ஆங்கிலத்தில் ஒருவர் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். "வாகனத்தைப் பற்றி ஐயாவுடன் கதைக்கலாமா?" என்று கேட்டார். வாகனம் என் பெயரில், லீசிங் கட்டுவது என் சம்பளத்தில் என்று சொல்லிவிட்டு முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கிக்கொண்டேன். "அருகிலுள்ள சேவை நிலையத்துக்கு வாகனத்தைக் கொண்டு வாருங்கள்" என்றார். அருகிலுள்ள நிலையம் எது என்று கேட்டேன். கொழும்பு முகவரி ஒன்றைச் சொன்னார்.

உத்தரவாதம் பற்றரிக்கு உண்டு, கொண்டு போகிற செலவுக்கு இல்லை என்றார்கள். ஷோரூம் தம்பி தினமும் போன் எடுத்து மன்னிப்புக் கேட்டார், பாவம். அவருக்கு ஒரு ஆணியும் மாற்ற அதிகாரம் இல்லை. சில நாள் கழித்து எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: உங்கள் முறைப்பாடு தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்? கார் அப்போதும் முற்றத்தில் அசையாமல் நின்றது. நான் பயணிகள் வான் ஒன்றில் இரண்டு பேருக்கு நடுவில் நெரிந்துகொண்டு நெல்லியடிக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அந்தக் குறுஞ்செய்திதான் எனக்குக் கை கொடுத்தது. கோபத்தில் அழித்திருப்பேன், மகள் விடவில்லை. அதுவரைக்கும் போனில் கதைத்ததெல்லாம் காற்றில் போனது. பழுதைத் தீர்க்காமலே தீர்த்துவிட்டதாக அவர்களே எழுத்தில் தந்த ஒரே தாள் அதுதான்.

அன்றிரவு இருந்து ஒரு கடிதம் எழுதினேன். உருக்கமாக எழுதவில்லை. செசி இலக்கம், வாங்கிய திகதி, மைல் மீற்றரில் உள்ள கணக்கு, கார் எழும்பாமல் போன திகதி, முறைப்பாட்டு இலக்கம், ஒவ்வொரு அழைப்பின் திகதியும் பதில் சொன்னவரின் பெயரும், அந்தக் குறுஞ்செய்தியின் படம். கடைசியில் கேட்டது ஒன்றுதான்: இன்ன திகதிக்குள் இங்கே வந்து திருத்துங்கள், இல்லாவிட்டால் உங்கள் செலவில் ஏற்றிக்கொண்டு போங்கள், தவறினால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதுவேன். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பினேன். பிரதி ஷோரூமுக்கும் லீசிங் கம்பனிக்கும். லீசிங்காரருக்கு ஏன் என்று இவர் கேட்டார். கடன் முடியும் வரை அந்தக் காரில் அவர்களுக்கும் பங்கு இருக்கிறது, அது ஓடாமல் நிற்பதை அவர்களும் அறியட்டும் என்றேன்.

அதிகார சபையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பலருக்கு இது தெரியாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒத்துவராத பொருளைப் பற்றி முறையிட வழி தருகிறது. முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். பொருளை வாங்கியதில் இருந்து, அல்லது சேவையைப் பெற்றதில் இருந்து, 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விபரம் கேட்கலாம், ஆனால் எழுத்தில் கொடுக்காமல் விடக்கூடாது. இந்த 3 மாதக் கணக்கு கம்பனிகளுக்கு நன்றாகத் தெரியும். "பாகம் வருது, வருது" என்று இழுக்கும்போது நாள் யாருடைய கணக்கில் கரைகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டி வரவில்லை. கடிதம் போய்ச் சேர்ந்த கிழமையே, இரவு பஸ்ஸில் ஒரு தொழில்நுட்பத் தம்பி வந்து இறங்கினார். வவுனியாப் பொடியன், கொழும்பில் வேலை. முதுகுப் பையில் லப்டொப், கையில் துணியால் சுற்றிய பற்றரி. புட்டும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்கினார், தேத்தண்ணி ஆற முன்னம் கார் எழும்பிவிட்டது. பிறகு லப்டொப்பைச் செருகி நெடுநேரம் எதையோ ஏற்றினார். காரில் கம்பனியோடு தொடர்பு வைக்கிற சின்னக் கருவி ஒன்று இருக்கிறதாம். சிக்னல் குறைந்த இடத்தில் நிற்கும்போது அது நித்திரைக்குப் போகாமல் தேடிக்கொண்டே இருந்து 12 வோல்ற் பற்றரியைக் குடித்துவிட்டதாம். இதைத் திருத்துகிற மென்பொருள் முன்னமே வந்துவிட்டது, கொழும்புக் கார்களுக்கு ஏற்றியும் ஆயிற்று. வடக்கில் நிற்கிற கார்களுக்கு யார் ஏற்றுவது என்பதை ஒருவரும் முடிவு செய்யவில்லை.

வேலைத் தாளில் காரணத்தையும் எழுதித் தரச் சொன்னேன். அந்தத் தம்பி தயங்கினார். "காரணம் எழுத எனக்கு அனுமதி இல்ல ரீச்சர்." கொழும்புக்குப் போன் எடுத்துக் கேட்டார், கடைசியில் "12 வோல்ற் பற்றரி மாற்றப்பட்டது" என்று மட்டும் எழுதினார். அவரோடு சண்டை பிடிக்கவில்லை. அவர் போனபின் நானே கம்பனிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன்: இன்று இன்னார் வந்தார், இதை மாற்றினார், இன்ன மென்பொருளை ஏற்றினார், பழுதுக்குக் காரணம் என்று இதைச் சொன்னார், இதில் ஏதும் பிழை இருந்தால் அறியத் தரவும். பதில் வரவில்லை. வராததே நல்லது. இதே பழுது திரும்ப வந்தால் காட்ட என்னிடம் அந்த மின்னஞ்சல் இருக்கிறது. வானுக்குக் கொடுத்த காசையும் கேட்டிருந்தேன், அதற்கும் பதில் இல்லை.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. உத்தரவாதத்தில் "8 வருடம், 160,000 கிலோமீற்றர்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் அது பெரிய பற்றரிக்கு மட்டும்தானா என்று பாருங்கள். மற்றப் பாகங்களுக்கு வேறு கணக்கு, 12 வோல்ற் பற்றரிக்கு அதிலும் குறைந்த காலம் இருக்கலாம். பற்றரி எத்தனை வீதத்துக்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவார்கள், அதை அளப்பது யார், எங்கே என்பதையும் கேளுங்கள். வடக்கில் பழுதாகி நின்றால் ஏற்றிப் போகிற செலவு யாருடையது என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். முற்பணம் கட்டும் வரைதான் உங்கள் சொல்லுக்கு மதிப்பு. எழுத மறுத்தால் அந்த மறுப்பும் ஒரு பதில்தான். காப்புறுதி எடுக்கும்போது, ஏற்றிப்போகும் செலவுக்கு எவ்வளவு தருவார்கள், விபத்துக்கு மட்டுமா, பழுதுக்கும் உண்டா என்று கேட்டு வையுங்கள்.

ஊர்க் கராஜை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ரயர் மாற்றிப் போடுவது, பிரேக் பாட், சஸ்பென்சன், ஏசி வடிகட்டி எல்லாம் எங்கள் ஆட்களே செய்வார்கள். உத்தரவாதப் புத்தகம் அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டு, பில்லை வாங்கி வைத்துக்கொண்டு செய்விக்கலாம். செம்மஞ்சள் நிற வயரைத் தொடுகிற எந்த வேலைக்கும் விடாதீர்கள், அது உயிரை எடுக்கிற மின்சாரம். குளிராக்கும் திரவம் குறைந்திருக்கிறது என்று ஒருவர் கிணற்றுத் தண்ணீர் வாளியோடு வந்தால் மறியுங்கள். எங்கள் சுண்ணாம்புத் தண்ணீர் அதற்குள் போகக் கூடாது. சேர்விஸ் ஸ்டேசனில் கழுவும்போது பொனற்றைத் திறந்து தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கவும் விடக் கூடாது. பண்ணைப் பாலத்தாலும் பொன்னாலைப் பாலத்தாலும் ஓடுகிறவர்கள் அடிப்பக்கத்தை மட்டும் அடிக்கடி நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவினால் போதும், உப்புக் காற்றுக்கு அது தேவை.

கடிதத்துக்குப் பிறகு ஒரு மாற்றம் வந்திருக்கிறது. அந்தத் தம்பியையே மாதத்தில் ஒரு நாள் யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவதாகச் சொல்லி, இதுவரை அனுப்பியும் வருகிறார்கள். ஷோரூமில் ஒரு கொப்பி வைத்திருக்கிறார்கள், அதில் பெயர் பதிய வேண்டும். பதியும்போது செசி இலக்கத்தையும் பழுதின் படத்தையும் சேர்த்துக் கொடுங்கள். அவர் பஸ்ஸில் வருகிற ஆள், பட்டியலைப் பார்த்துத்தான் பையில் பாகங்களை அடுக்குவார்.